சாப்பாட்டுக்கு மட்டும் நேரம் குறிக்காத மடம்

கேட்டிருந்தது இரண்டு கேள்வி. கம்பி போட்ட கத்தோலிக்கக் கன்னியர் மடத்துக்குள் ஒரு நாள் எப்படிப் போகும்? அந்தக் கம்பி எதற்கு, உள்ளே இருப்பவர்கள் விரும்பித்தான் இருக்கிறார்களா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் 'சிஸ்டர்' என்றதும் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களும் ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் வெளியே வருவார்கள், பஸ்ஸில் போவார்கள். கேள்வி அவர்களைப் பற்றியது இல்லை. உள்ளே போனால் வெளியே வராத, அடைபட்ட மடத்தைப் பற்றியது. என் அப்பாவின் சித்தி ஒருவர் அப்படி ஒரு மடத்தில், கார்மேல் என்ற துறவற சபையின் மடத்தில் இருந்தார். சின்ன வயதில் அவரைப் பார்க்கப் போவோம். 'பார்க்க' என்பது பேச்சுக்குச் சொல்வதுதான். சுவரில் பதித்த மர உருளை ஒன்று இருக்கும். பலாச்சுளைப் பாத்திரத்தை அதில் வைத்துச் சுற்றிவிட்டால் அந்தப் பக்கம் போய்விடும். கொஞ்ச நேரத்தில் பாத்திரம் காலியாக, உள்ளே ஒரு செபமாலையோடு திரும்பி வரும். கை தெரியாது, முகம் தெரியாது. சிரிப்புச் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கும். அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவே இல்லை. அதனால்தான் பிற்பாடு இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

உலகத்திலுள்ள எல்லா மடத்தையும் பற்றிப் பேசினால் ஒன்றுமே தேறாது. ஒரே ஒரு மடத்தை எடுத்துக்கொள்கிறேன்: ஸ்பெயினில் அவிலா நகரத்துச் சூசையப்பர் மடம், அந்த ஊர்ப் பேச்சில் சான் ஹோசே. அக்டோபர் 15-ல் திருநாள் கொண்டாடுகிறோமே, அந்தப் பெரிய தெரேசம்மாள் 1562-ல் தொடங்கிய முதல் மடம். இந்த மடத்து ஒழுங்குமுறையை அவரே எழுதிவைத்தார், அது நம் கையில் இருக்கிறது. எத்தனை மணிக்கு எழுந்தார்கள், யார் பெருக்கினார்கள் என்பதுவரை தெரியும்.

ஆனால் சான் ஹோசே ஏன் வந்தது என்று புரிய, தெரேசா அதற்கு முன்னால் இருந்த மடத்தைப் பார்க்கவேண்டும். அதே ஊரில், மதிலுக்கு வெளியே, என்கர்னசியோன் மடம். 1535-ல், 20 வயதில் அங்கே சேர்ந்தார். அப்பா தயங்கினார், மகள் வீட்டை விட்டுக் கிளம்பியே போய்விட்டார். பிறகு அப்பா சமாதானமாகி எழுதிக்கொடுத்த வரதட்சணைப் பத்திரம் இன்னும் இருக்கிறது. வருஷத்துக்கு 25 ஃபனேகா (அந்த ஊர்த் தானிய அளவை) தானியம், பாதி கோதுமை, பாதி பார்லி. அது முடியாவிட்டால் 200 பொற்காசு. ஆமாம், மடத்துக்கும் வரதட்சணை உண்டு. மாப்பிள்ளைக்குக் கொடுப்பதைவிடக் குறைவு, அவ்வளவுதான். ஐரோப்பா முழுக்க வசதியான குடும்பங்கள் இரண்டாவது, மூன்றாவது பெண்ணை மடத்துக்கு அனுப்பியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். 'விரும்பித்தான் இருந்தார்களா' என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது: எல்லாரும் இல்லை.

என்கர்னசியோனில் 150 பேருக்கு மேல் இருந்தார்கள். வருமானமோ போதாது. சாப்பாட்டுக்கு வழியில்லாமல் கன்னியர்களைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். அங்கே அடைப்பு நியமம் கிடையாது, போகலாம், வரலாம். ஆனால் உள்ளே வெளியுலகம் அப்படியே இருந்தது. பணக்கார வீட்டுப் பெண்ணுக்குத் தனி அறைகள், தனிச் சமையல், கூட உறவுக்காரப் பெண்கள், வேலைக்காரி. ஏழை வீட்டுப் பெண்ணுக்குப் பொதுக்கூடத்தில் படுக்கை. பெயருக்கு முன்னால் 'தோன்யா' போட்டுத்தான் கூப்பிடவேண்டும். நம் பக்கத்தில் ஜமீன் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடும் மரியாதை மாதிரி. தெரேசாவுக்கே இரண்டு தளம் கொண்ட வசதியான அறை இருந்தது. அவர் நன்றாகப் பேசுவார். அதனால் நன்கொடை கொடுக்கும் சீமாட்டிகள் அவரைத் தங்களோடு வந்து இருக்கச் சொல்லிக் கேட்பார்கள். மடத்தால் மறுக்க முடியாது. கியோமார் தெ உல்லோவா என்ற விதவையின் வீட்டில் வருஷக்கணக்கில் இருந்திருக்கிறார். 1562-ன் முதல் பாதியைத் தொலேதோவில் லூயிசா தெ லா செர்தாவின் மாளிகையில் கழித்தார்.

என் கணிப்பு இதுதான்: கம்பிக்கான காரணம் இந்த இடத்தில் இருக்கிறது. கம்பி பெண்களை உள்ளே வைக்க மட்டும் போட்டதல்ல. புரவலர்களை வெளியே வைக்கவும் போட்டது. பணம் கொடுத்தவரின் சோபாவில் போய் உட்கார்ந்து பேசவேண்டிய கடமையிலிருந்து அது விடுவித்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் எல்லாக் கன்னியர் மடங்களுக்கும் அடைப்பைக் கட்டாயமாக்கியது 1563 டிசம்பரில்தான். தெரேசா அதற்கு ஒரு வருஷம் முந்தியே தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

1560-ல் ஒரு சாயங்காலம், அவர் அறையில் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, பாதி விளையாட்டாகத்தான் பேச்சு தொடங்கியது. பழையகாலத்து வனவாசிகள் மாதிரி சின்னதாக ஒரு மடம் இருந்தால் எப்படி இருக்கும்? மருமகள் முறையான மரியா தெ ஒகம்போ, அப்போது இளம்பெண், ஆயிரம் பொற்காசு தருகிறேன் என்றாள். அப்புறம் நடந்ததெல்லாம் ரகசிய வேலை. தங்கை ஹுவானாவும் அவள் கணவனும் தங்களுக்கு வாங்குவதுபோல ஒரு சின்ன வீட்டை வாங்கிக் குடியேறினார்கள். ஆள்கூலி கொடுக்கக் கையில் காசில்லாத நேரத்தில், தென் அமெரிக்காவில் கீத்தோ பக்கம் பிழைக்கப் போயிருந்த தம்பி லொரென்சோவிடமிருந்து பணம் வந்தது. 1562 ஆகஸ்ட் 24, பர்த்தலமேயு திருநாள் அன்று காலை, சின்ன மணி ஒன்றை அடித்து, நாலு பெண்களுக்குத் துறவு உடுப்புக் கொடுத்து மடத்தைத் திறந்துவிட்டார்கள். நாலு பேரும் வரதட்சணை இல்லாமல் வந்தவர்கள்.

ஊர் கொதித்தது. இன்னொரு பிச்சை மடத்துக்குச் சோறு போட அவிலாவால் முடியாது என்றது நகர்மன்றம். அது பொய்யும் இல்லை; துணி நெசவு நொடிந்து, ஏழைகள் பெருத்திருந்த ஊர். நகர அதிகாரி நேரில் வந்து, வெளியே வாருங்கள், இல்லாவிட்டால் கதவை உடைப்பேன் என்றார். மேலே இருப்பவர் சொன்னால்தான் வருவோம் என்று அந்த நாலு பேர் உள்ளிருந்தே பதில் சொன்னார்கள். பெரியவர்கள் கூடிய கூட்டத்தில் மடத்தை மூடக்கூடாது என்று பேசியவர் தோமிங்கோ பான்யெஸ் என்ற தோமினிக்கன் துறவி ஒருவர்தான். வழக்கு இழுத்தது. தோட்டத்தில் கட்டிய செபக்குடிலின் நிழல் நகரத்துத் தண்ணீர்க்குழாய் மேல் விழுகிறது, குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடும் என்றுகூட ஒரு புகார். பக்கத்து வீட்டு மாடி நிழலுக்குக் கோர்ட்டுக்குப் போகும் நமக்கு இது ஒன்றும் புதிதில்லை.

சரி, உள்ளே போவோம்.

கோடையில் 5 மணி, குளிர்காலத்தில் 6 மணிக்கு எழுந்திருக்கவேண்டும். முதல் ஒரு மணி நேரம் மௌனத் தியானம். பிறகு கட்டளைச் செபத்தின், அதாவது நாள் முழுக்க நேரத்துக்கு நேரம் சொல்லும் செபத்தின், காலைப் பகுதிகள். கோடையில் 8 மணிக்கும் குளிர்காலத்தில் 9 மணிக்கும் பூசை. அதற்கப்புறம் அவரவர் வேலை. சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் ஆத்தும சோதனை, தன் குறைகளைத் தானே எண்ணிப்பார்ப்பது. அதன்பின் சாப்பாடு. இந்த இடத்தில் ஒழுங்குமுறை ஒரு விஷயம் சொல்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது: சாப்பாட்டு நேரத்தை நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆண்டவர் கொடுப்பதைப் பொறுத்தது. பிச்சைதான் வருமானம், வந்தால்தானே சமையல்? இருக்கிற நாளில், கோடையில் 10 மணிக்கு மணி அடிக்கலாம், ஒருசந்தி (நோன்பு) நாளில் 11 அல்லது 11.30. மற்ற எல்லாவற்றுக்கும் மணிக்கணக்கு. வயிற்றுக்கு மட்டும் 'பார்க்கலாம்'.

நோயாளிக்குத் தவிர இறைச்சி கிடையாது. செப்டம்பர் 14, திருச்சிலுவைத் திருநாள் தொடங்கி, அடுத்த வருஷம் ஈஸ்டர் வரைக்கும் ஒருசந்தி. ஞாயிற்றுக்கிழமை விலக்கு. ஆறேழு மாசம் என்று விரல்விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டபின் எல்லாரும் ஒன்றாகக் கூடி, ராட்டையும் தையலும் கையுமாக, இஷ்டப்படி பேசலாம். சீட்டு, பகடை போன்ற விளையாட்டு கூடாது; மற்றவர்களைச் சிரிக்கவைக்கும் வரத்தை ஆண்டவர் ஒருசிலருக்குக் கொடுப்பார், அது போதும் என்கிறார். 2 மணிக்கு மாலைச் செபம், பின்பு ஒரு மணி நேரம் வாசிப்பு. உடலுக்குச் சோறு எப்படியோ ஆத்துமத்துக்கு நல்ல புத்தகம் அப்படி என்று எழுதி, மடத்தில் இருக்கவேண்டிய நூல்களின் பட்டியலையும் கொடுத்திருக்கிறார். மடம் தொடங்குவதற்கு மூன்று வருஷம் முன்புதான், 1559-ல், ஸ்பானிய மொழியிலிருந்த பல பக்தி நூல்களைத் திருச்சபையின் மதவிசாரணை மன்றம் தடைசெய்திருந்தது. லத்தீன் தெரியாத பெண்களுக்கு மிச்சமிருந்த புத்தகங்கள் கொஞ்சம்தான். அந்த இடைவெளியில்தான் தன் பிள்ளைகளுக்கென்று தானே 'நிறைவாழ்வின் வழி' நூலை எழுதினார்.

5 அல்லது 6 மணிக்கு நாளின் கடைசிச் செபம். அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் கலகலப்பாக இருக்கலாம். 8 மணிக்கு மௌன மணி. மறுநாள் காலைச் செபம் முடியும்வரை யாரும் பேசக்கூடாது. 9 மணிக்கு மேல் இராச்செபம், அப்புறம் இன்னொரு சோதனை, 11 மணிக்குள் படுக்கை. வைக்கோல் மெத்தை. கணக்குப் பார்த்தால் ஆறு, ஏழு மணி நேரத் தூக்கம். கோடையில் மதியம் ஒரு மணி நேரம் கண்ணயரலாம்.

வேலையைப் பற்றி எழுதியிருப்பதைத் தொழிற்சங்கக்காரர்கள் படிக்கவேண்டும். நூல் நூற்கலாம், தைக்கலாம். மனத்தை முழுக்க விழுங்கிவிடும் நுணுக்க வேலை வேண்டாம், பொன், வெள்ளி இழை வேலை வேண்டவே வேண்டாம். இன்றைக்கு இவ்வளவு முடிக்கவேண்டும் என்று யாருக்கும் அளவு வைக்கக்கூடாது. செய்த வேலைக்குப் பேரம் பேசக்கூடாது. கொடுப்பதை வாங்கிக்கொள், கட்டுபடியாகாவிட்டால் அடுத்த தடவை அந்த வேலையை எடுக்காதே. தலைமுடியைக் கத்தரித்துவிடவேண்டும். காரணம் தவம் இல்லை, சீவுவதில் நேரம் போகிறதாம். கண்ணாடி கிடையாது. காலுக்குச் சணல் செருப்பு. 'தோன்யா' பட்டம் வாசலோடு சரி. உயர்ந்த குலத்தில் பிறந்தவள்தான் தகப்பன் பேரைக் குறைவாக எடுக்கவேண்டும் என்றார். யூதராயிருந்து மதம் மாறிய தாத்தாவின் பேத்தி அவர். 'சுத்த ரத்தம்' கேட்ட அந்த ஸ்பெயினில் குலப்பெருமைப் பேச்சு அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளலாம். பெருக்குகிறவர்கள் முறைப்பட்டியலில் முதல் பெயர் மடத்துத் தலைவியுடையதாக இருக்கவேண்டும் என்பதும் எழுத்தில் உண்டு. நோயாளிகளுக்கு மட்டும் நல்ல மெத்தை, வெள்ளைத் துணி. நலமாக இருப்பவர்கள் தேவையானது இல்லாமல் இருந்தாலும் பரவாயில்லை, நோயாளிக்குக் குறை வைக்காதே என்றார்.

முதலில் 13 பேர்தான் என்று வைத்திருந்தார், பிற்பாடு 21 ஆனது. 150 பேர் கூட்டத்தில் 27 வருஷம் வாழ்ந்த பெண்ணின் கணக்கு அது. 13 ஏழைப் பெண்கள் வாழும் வீடு, தீர்ப்பு நாளில் இடிந்து விழும்போது பெரிய சத்தம் போடக்கூடாது என்பது கட்டடத்துக்கு அவர் சொன்ன இலக்கணம்.

இதையெல்லாம் படித்து இது ஏதோ சமத்துவபுரம் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமைகளில் தவமாகச் சாட்டையடி உண்டு. பெருங்குற்றத்துக்கு மடத்துக்குள்ளேயே சிறை அறை உண்டு; பழைய சபைச் சட்டத்திலிருந்து அப்படியே வந்த பகுதி. வெளியாள் யாராவது பேச வந்தால் கன்னி கம்பிக்கு உள்பக்கம் முக்காடு போட்டுத்தான் பேசவேண்டும், கூடவே இன்னொரு கன்னி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். வரதட்சணை இல்லாமல் தொடங்கிய தெரேசாவே பின்னாளில், மடங்கள் பெருகி, கடன் ஏறியபோது, கடிதங்களில் வரதட்சணைக் கணக்குப் பேசுகிறார். அப்புறம் கீழ்ப்படிதல். ஒரு நாள் சாப்பாட்டில் அவருக்கு வந்த வெள்ளரித்துண்டு அழுகியிருந்தது. சோதிப்பதற்காக, புத்திசாலிப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு, இதைத் தோட்டத்தில் நடு என்றார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. நட்டுக்குத்தாகவா படுக்கையாகவா என்றுதான் கேட்டாள். படுக்கையாக என்றார்; போய் நட்டாள். தெரேசா இதைப் பெருமையாக எழுதுகிறார். எனக்கு இந்தக் கதை இன்றுவரை செரிக்கவில்லை.

ஆனால் அந்த வெள்ளரிப் பெண்தான் ஆயிரம் பொற்காசு தருகிறேன் என்ற மரியா. மடத்தில் மரியா பௌத்திஸ்தா. அவளுக்கு இன்னொரு முகமும் உண்டு. மடத்துக் கிணற்றில் தண்ணீர் குடிக்க லாயக்கில்லாமல் இருந்தது. குழாய் வேலைக்காரர்கள் பார்த்துவிட்டு, காசை வீணாக்காதீர்கள் என்று சிரித்தார்கள். தெரேசா எல்லாரிடமும் கருத்துக் கேட்டார். மரியா சொன்ன வாதம் இது: எப்படியும் ஆண்டவர் யாரையாவது அனுப்பி நமக்குத் தண்ணீர் கொண்டுவரத்தான் வேண்டும், அதற்கு வீட்டிலேயே கொடுத்துவிடுவது அவருக்குச் செலவு குறைவு. வேலை நடந்தது, நல்ல தண்ணீரும் வந்தது. பின்னாளில் மரியா வல்லதோலித் மடத்துக்குத் தலைவியானார். 1582-ல், சாவதற்குச் சில வாரம் முன்பு, தெரேசா அங்கே போனபோது, தம்பி லொரென்சோவின் உயில் தகராறில் மரியா எதிர்ப்பக்கம் நின்று, போய்விட்டு இனி வராதீர்கள் என்கிற மாதிரி வழியனுப்பினார். அழுகிய வெள்ளரியைப் படுக்கையாக நட்ட அதே பெண்! மடத்துக்குள் ஆளை அச்சில் வார்த்துவிடுகிறார்கள் என்று சொல்பவர்களிடம் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

சிரிப்புக்கு வருகிறேன். உடலோடு ஒட்டி முரட்டுக் கம்பளி உடுத்தத் தொடங்கியதும் பேன் பயம் வந்துவிட்டது. கன்னியர்கள் சிலுவையைத் தூக்கிக்கொண்டு பாட்டோடு ஊர்வலமாக வந்து, இந்தத் துணியைக் கெட்ட கூட்டத்திடமிருந்து காப்பாற்று என்று வேண்டினார்கள். தெரேசாவும் அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டிச் சேர்ந்துகொண்டார். அந்தச் சிலுவைக்கு இன்றும் 'பேன் கிறிஸ்து' என்றுதான் பேர். கிறிஸ்துமஸ் காலத்தில் பாடி ஆட வைத்திருந்த சின்ன முரசும் குழலும் மடத்துக் காட்சிக்கூடத்தில் இருக்கின்றன.

இன்னும் ஒருவரைச் சொல்லாமல் விடமுடியாது. கறுப்பு முக்காடு போட்டவர்கள் கட்டளைச் செபம் சொல்லும் பாடற்கன்னியர். வெள்ளை முக்காடு போட்டவர்கள் சமையல், சலவை, எடுபிடி பார்க்கும் பணிக்கன்னியர். சமத்துவம் பேசிய மடத்திலும் இந்தக் கோடு இருந்தது. சான் ஹோசேயில் முதல் வெள்ளை முக்காடு அனா தெ சான் பர்த்தலமே. ஆடு மேய்த்த பெண், 1570-ல் சேர்ந்தார், எழுதத் தெரியாது. 1577 கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு, தெரேசா மடத்து மாடிப்படியில் விழுந்து இடது கையை முறித்துக்கொண்டார். கட்டு சரியாகச் சேரவில்லை. அதற்கப்புறம் சாகும்வரை தானாக உடுத்த முடியாது. உடுத்திவிட்டது, முக்காட்டைச் சரிசெய்தது, பயணத்தில் கூடவே போனது எல்லாம் அனா. தெரேசாவின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்தே எழுதப் பழகி, அவருக்குக் கடிதம் எழுதிக்கொடுக்கும் அளவுக்கு வந்தார். 1582 அக்டோபர் 4 இரவு, ஆல்பா தெ தொர்மேஸில் தெரேசாவின் உயிர் பிரிந்தது அனாவின் கையில். மறுநாள் அக்டோபர் 15. நாட்காட்டி மாற்றத்தில் நடுவில் பத்து நாள் காணாமல் போயிருந்தது. நாம் 15-ல் திருநாள் வைப்பதன் கதை அது.

1604-ல் அனாவைப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷமே கறுப்பு முக்காடு, அங்கே பொந்துவாஸ் என்ற ஊரில் தலைவிப் பதவி. 1612-ல் அன்ட்வெர்ப்பில் ஒரு மடத்தைத் தானே தொடங்கினார். அடுப்படியிலிருந்து போனவர்தான். தலைவி ஆனபோது பெருக்கும் பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

சான் ஹோசேயில் இன்றும் கன்னியர்கள் இருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அந்த மடத்தை 'லாஸ் மாத்ரெஸ்' என்பார்கள், அதாவது 'அம்மாமார்'. போனால் 1607-க்குப் பிறகு பிரான்சிஸ்கோ தெ மோரா கட்டிய கோயிலையும் காட்சிக்கூடத்தையும் பார்க்கலாம்; அதற்கு அந்தப் பக்கம் போகமுடியாது. தோர்னோ என்று அவர்கள் சொல்லும் அந்த மர உருளைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.